நொச்சி வேலிக்குக் கீழே ஒரு வாய்க்கால்

எங்கள் வீடு நிற்கிற மனை ஒரு காலத்தில் வயலாக இருந்தது. வாங்கும்போதே அது எனக்குத் தெரியும். பாபநாசத்தைத் தாண்டிக் கும்பகோணம் போகும் சாலையில், இரண்டு பக்கமும் நெல் விளைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் கல் நட்டு, செம்மண் கொட்டி, மனைகளாகப் பிரித்திருந்தார்கள். என் கணவர் சவூதியிலிருந்து நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வந்தபோது வாங்கிப்போட்டார். பதினான்கு வருட உழைப்பு அந்த மனையும் அதன்மேல் எழுந்த வீடும். வீடு முடிந்ததும் அவர் திரும்பிப் போய்விட்டார். நானும் ஒன்பது வயது மகளும் குடிவந்தோம்.

மனையை விற்றுக்கொடுத்த தரகர் கட்சிக்காரர். ஆட்சி மாறியபோது அவர் வேட்டியின் கரையும் மாறியது, செல்வாக்கு மட்டும் மாறவில்லை. தாலுகா ஆபீசில் அவர் போனால் நாற்காலி போடுவார்கள். நிலத்தின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அதைக் குத்தகைக்கு உழுதுவந்த குடும்பம் ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. குத்தகைக்காரரைச் சட்டப்படி லேசில் வெளியேற்ற முடியாது என்பதால், தரகர் நடுவில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சாலையோரத்து நிலம் முழுக்க மனைக்கு. பின்பக்கம் நாலு மா, அதாவது ஒரு ஏக்கரும் சொச்சமும், குத்தகைக்காரர் பெயருக்கு. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்பக்க வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்பது அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரியவந்த விஷயங்கள்.

குடிவந்த புதிதில் எனக்கு இருந்த ஆசை, சவூதியிலிருந்து என் கணவர் அனுப்பிய போட்டோக்களில் இருக்கிற மாதிரி ஒரு புல்தரை. நர்சரியில் கார்பெட் புல் வாங்கி விரித்தேன். சுற்றிலும் குரோட்டன்ஸ், சுவரோரம் நெட்டிலிங்கம். காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாரம் ஒருமுறை மருந்து அடிப்பேன். முதல் கோடையில் மின்சாரம் நாளில் பாதி நேரம் இல்லை, போர் மோட்டார் ஓடவில்லை. புல் பாய் மாதிரி காய்ந்தது. குரோட்டன்ஸ் குச்சி குச்சியாக நின்றது. அதோடு போயிருந்தால்கூட நான் திரும்பப் புல்தான் வாங்கியிருப்பேன். ஆனால் மருந்தடித்த மறுநாள் அந்தப் புல்லில் புரண்டு விளையாடிய மகளுக்கு உடம்பெல்லாம் தடித்து, கண் வீங்கிவிட்டது. டாக்டர், என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டார். பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் லேபிளைப் படித்துவிட்டு, இதை வீட்டு வாசலில் அடிக்கச் சொன்னது யார் என்றார். யாரும் சொல்லவில்லை. நர்சரியில் புல்லோடு சேர்த்துக் கொடுத்தார்கள், அடித்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் மனையில் ஒரே ஓர் ஓரம் பச்சையாக இருந்தது. கிழக்குச் சுவரை ஒட்டி, நான்கடி அகலத்தில், முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு பட்டை. நான் அங்கே தண்ணீர் ஊற்றியதே கிடையாது. களை என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன்.

அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் அவள் கேட்டுக்கு வந்தாள். குத்தகைக்காரரின் மனைவி. எனக்கும் அவளுக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் இருக்கும். கையில் ஒரு கூடை.

"அக்கா, அந்த ஓரத்துல பொன்னாங்கண்ணி மண்டிக் கெடக்குது. நீங்க பறிக்கிறதா இருந்தா சரி. இல்லேன்னா நான் கொஞ்சம் பறிச்சுக்கிறேன்" என்றாள்.

எனக்கு அது பொன்னாங்கண்ணி என்றே தெரியாது. சந்தையில் கட்டாகப் பார்த்திருக்கிறேன், மண்ணில் பார்த்ததில்லை. உள்ளே வரச் சொன்னேன். பறித்துக்கொண்டே, இது கரிசலாங்கண்ணி, இது பொடுதலை, அந்தா முள்ளோடு நிற்கிறதே அது நீர்முள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். எல்லா இடமும் காய்ந்திருக்க இங்கே மட்டும் எப்படி என்று கேட்டேன். "இது வாய்க்கால்க்கா. மேல மண்ணப் போட்டு மூடிட்டாங்க. அடியில ஈரம் போவுது" என்றாள். அதை நான் தோட்டத்துக்கான தகவலாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்தபோது ஒரு கட்டு நொச்சிக் கம்பு கொண்டுவந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் வெட்டியது. ஆடு கடிக்காது, மருந்து கேட்காது, வேர் பிடித்துவிட்டால் தண்ணீரும் வேண்டாம் என்றாள். நட்டேன். கோடை மழை ஒன்று பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்தது. என் கையால் வைத்து, நான் கவனிக்காமலேயே பிழைத்த முதல் செடி அதுதான்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. புல்தரையைச் சுரண்டிப் போட்டுவிட்டு, இந்த மண்ணில் தானாக வருவது எது என்று தேட ஆரம்பித்தேன். அது எளிதாக வந்துவிடவில்லை. மனைக்குக் கொட்டியிருந்த செம்மண் எங்கிருந்தோ வந்தது. அதில் ஒரு மண்புழு கிடையாது. அதன்மேல் என்ன வைத்தாலும் ஒரு மாதம் நின்றுவிட்டுச் செத்தது. பேராவூரணியில் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவர்களுக்குத் தென்னந்தோப்பு. அங்கிருந்து மட்டையும் நார்க்கழிவும் ஒரு வேன் நிறையக் கொண்டுவந்து தரை முழுக்க மூடிப் பரப்பினேன். குப்பைமேடு மாதிரி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒரு மழைக்காலம் கழித்து மட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மண் கறுத்திருந்தது. வல்லாரையை மூன்று தடவை சாகடித்தேன். வெயிலில் வைத்ததுதான் தப்பு என்று மூன்றாவது தடவை புரிந்தது. தும்பையை நிழலில் வைத்து அதையும் கெடுத்தேன். கறிவேப்பிலையை மொட்டையடித்த பச்சைப் புழுக்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். மகள் ஒன்றை எடுத்துப் பாட்டிலில் வளர்த்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் அது கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சோப்பு வாளியை எடுத்து உள்ளே வைத்தேன். பிறகு கறிவேப்பிலைக் கன்று இரண்டு கூடுதலாக வைத்தோம், எங்களுக்கு ஒன்று, புழுவுக்கு இரண்டு என்று.

அவள் வாரத்துக்கு ஒருநாள் கீரைக்கு வருவாள். வரும்போது ஏதாவது ஒரு கம்போ விதையோ கொண்டுவருவாள். ஆடாதொடை, மருதாணி, பூவரசம் போத்து எல்லாம் அப்படி வந்தவைதான். நான் டீ போட்டுக் கொடுப்பேன். வயலைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

நொச்சி நன்றாக வந்ததும் அதைக் கிழக்கு ஓரம் முழுக்க உயிர்வேலியாக நட்டுவிட முடிவுசெய்தேன். ஈரம் இருக்கிற இடம் அதுதானே. அவள் கொடுத்த கம்புகளையே இன்னும் ஒடித்து நெருக்கமாக நட்டேன். இடையிடையே வெட்டிவேர். நடுகிற அன்றைக்கு அவள் வந்திருந்தாள். "அங்கயாக்கா வைக்கிறீங்க?" என்றாள். ஆமாம், அங்கேதான் பிடிக்கும் என்றேன். கீரையைப் பறித்துக்கொண்டு போனாள். அந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் அதற்குமேல் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? வீடு என்னுடையது, சுவர் என்னுடையது, அவள் கீரைக்கு வருகிறவள்.

ஒருநாள் அவள் கணவர் வந்தார். ஒல்லியான மனிதர், வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். பின்பக்க வயலுக்குத் தண்ணீர் பாய்வதும் வடிவதும் எங்கள் மனை ஓரத்து வாய்க்கால் வழியாகத்தான் என்றும், மூடியதிலிருந்து மேல் வயல்காரர் மனசு வைத்து விட்டால்தான் தண்ணீர் என்றும், மழை பெய்தால் வடிய வழியே இல்லை என்றும் நிதானமாகச் சொன்னார். வருடா வருடம் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியில் இரண்டு தடவை மனு கொடுத்துவிட்டாராம். இப்போது அளக்க வரப்போகிறார்கள், நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும் என்றார். என் கணவரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

போனில் கணவரிடம் சொன்னபோது அவர் பயந்துபோனார். அன்று சாயங்காலமே தரகர் வந்து உட்கார்ந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று மெச்சினார். பிறகு சொன்னார், அந்தப் பட்டை வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதிவிட்டால் கிழக்குச் சுவர் போகும், செப்டிக் டேங்க் போகும், அதோடு நிற்காமல் மற்ற மனைக்காரர்களும் என்மேல்தான் பாய்வார்கள் என்று.

"வேலி நல்லா அடர்ந்து நிக்குது பாருங்க. பார்த்தா பத்து வருச வேலின்னு தோணும். வாங்குறப்பவே இருந்துச்சுன்னு சொல்லிடுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

மறுநாள் வருவாய் ஆய்வாளரும் சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் வந்தார்கள். தரகரும் வந்தார். அவளும் அவள் கணவரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். சர்வேயர் சங்கிலியை இழுத்துப் போட்டார், வரைபடத்தை விரித்தார், சுருட்டினார். சங்கிலி வேலிக்குள் போகவில்லை, அவ்வளவு நெருக்கம். ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு, இந்த வேலி எப்போது வைத்தது என்று கேட்டார்.

"நாங்க வாங்குனப்பவே இப்படித்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தது நொச்சி இலையை. அதன் கம்பு எந்தக் கொல்லையில் வெட்டியது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆய்வாளர் கேட்டது என்னை மட்டும்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் பயம் என்று சொல்லிவிடலாம். பயமும் இருந்தது. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், ஆண்துணை இல்லாத வீடு, அந்த வரிசையில் நாங்கள் மட்டும்தான் பாய் வீடு. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்த வேலியை எனக்கு விட மனமில்லை. முதன்முதலாக என் கையில் பிழைத்தது அது. மண்ணைக் கெடுக்காமல், மருந்தில்லாமல், இந்த ஊர்ச் செடிகளை வைத்தே ஒரு தோட்டம் செய்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு அப்போது தலைக்கு ஏறியிருந்தது. பேராவூரணியிலிருந்து தங்கை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவாள். அந்தப் பெருமைக்கு வேலி வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவள் கீரைக்கு வரவில்லை. பொன்னாங்கண்ணி வளர்ந்து முற்றிப் பூத்தது. நான் பறித்துச் சமைத்தேன். மகள், அந்த அத்தை ஏன் வருவதில்லை என்று கேட்டாள். வேலை இருக்கும் என்றேன்.

அந்த வருடம் சம்பா நடவு தாமதமாகத்தான் முடிந்தது. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடவில்லை. எங்கள் மனைகளின் சுவர்கள் எல்லாம் சேர்ந்து பின்பக்கத்து அவர்கள் வயலுக்கு ஒரு கரை கட்டியது மாதிரி ஆகிவிட்டது. மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்த்தேன். நட்டு இருபது நாள் ஆன பயிர். முதலில் பாதி தெரிந்தது, பிறகு நுனி தெரிந்தது, நான்காம் நாள் வெறும் தண்ணீர். என் தோட்டத்திலும் முழங்கால் அளவு நின்றது. மூடாக்குப் போட்ட மட்டையெல்லாம் மிதந்து வாசலுக்கு வந்தது. வல்லாரையும் தும்பையும் அழுகின. கறிவேப்பிலை மூன்றும் போயின. நீர்முள்ளியும் வெட்டிவேரும் ஒன்றும் ஆகாமல் நின்றன. நொச்சி இலைகூட உதிர்க்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் தூறலில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பின்பக்கமாக வந்து சுவரின் அடிக்கல்லைப் பெயர்த்துவிட்டு, அவள் கணவர் என் வேலியை வேரோடு வெட்டிக்கொண்டிருந்தார். யாரையும் திட்டவில்லை, நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு முழ அகலத்துக்கு வழி திறந்ததும் பின்பக்கத் தண்ணீர் சேறாக என் தோட்டத்துக்குள் இறங்கி ஓட ஆரம்பித்தது. அடுத்த மனைக்காரர் தரகருக்குப் போன் செய்திருக்கிறார். அரை மணியில் தரகர் போலீசோடு வந்தார். அத்துமீறி நுழைந்தது, சுவரை இடித்தது என்று புகார். மண்வெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் போன சற்று நேரத்தில் அவள் கேட்டில் நின்றாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், முழுக்க நனைந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்தக் கம்பு எங்க வீட்டு நொச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதும்க்கா. வாய்க்கால் வேணும்னு கூட நீங்க சொல்ல வேணாம்" என்றாள்.

அழவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரியும் இல்லை. சொல்லிவிட்டு ஸ்டேஷன் இருக்கும் திசையில் நடந்தாள். நான் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷனில் புகார் எழுதி முடிக்கிற நேரம். இடம் யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். வேலியும் நான் வைத்ததுதான், இவரை வெட்டச் சொன்னதும் நான்தான், தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, வேறு ஆள் கிடைக்கவில்லை என்றேன். அதில் பாதி பொய். அந்த வாரம் முழுக்க மனசு படாத பாடுபட்டும் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு பொய்யின் துணை வேண்டியிருந்தது. எழுத்தர் என்னையும் தரகரையும் மாறி மாறிப் பார்த்தார். தரகர் வெளியே போய்ப் போனை எடுத்தார். மத்தியானத்துக்குமேல் அவள் கணவரை விட்டுவிட்டார்கள். மண்வெட்டியைத் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் சவூதிக்குச் செய்தி போய்விட்டது. கணவர் கத்தவில்லை. "நான் இங்க வெயில்ல கெடக்குறது எதுக்குன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா" என்று மட்டும் கேட்டார். யோசித்தேன் மச்சான் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் போன் வந்தால் மகளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

நான் ஒரு மனு எழுதினேன். அந்த வேலி நான் குடிவந்த பிறகு நட்டது, கம்பு கொடுத்தது பின்பக்க வயல்காரரின் மனைவி, அடியில் வாய்க்கால் இருப்பது எனக்குத் தெரியும், ஆய்வாளரிடம் முன்பு சொன்னது சரியல்ல. நான்கு வரிதான். எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து ஒரு நாள் ஆனது. தாலுகா ஆபீசில் கொடுத்தபோது வாங்கிய பெண், நீங்களே உங்களுக்கு எதிராக மனு கொடுக்கிறீர்களா என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் தை மாதத்தில் நானே ஆள் வைத்துத் தோண்டினேன். மீதி நொச்சியைப் பெயர்ப்பதற்கு இரண்டு நாள் பிடித்தது. வேர் பழைய வாய்க்காலின் அடிமண்ணைக் கவ்விப் பிடித்திருந்தது. செம்மண்ணை அள்ள அள்ளக் கீழே கரிய வண்டல் வந்தது, நத்தை ஓடுகளோடு. துணி துவைக்கிற கல்லை நகர்த்தினேன். செப்டிக் டேங்க் தப்பித்தது, தரகர் சொன்னது பொய், அது வாய்க்காலில் இல்லை. சுவருக்கு அடியில் குழாய் வைத்துக் கட்டினோம். இரு கரையிலும் வெட்டிவேரை நட்டேன், கரை சரியாமல் இருக்க. சில மாதம் கழித்து, வாய்க்கால் புறம்போக்கு என்று தாசில்தாரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது.

ஆனால் பயிர் அழுகிப்போயிருந்தது. திரும்ப நட நாற்றும் இல்லை, பருவமும் இல்லை. வாய்க்கால் திறந்த அன்று அவள் கணவர் வந்து பார்த்தார். மட்டம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு சாண் இன்னும் இறக்கணும் என்றார். இறக்கினோம். பங்குனியில் அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் குடும்பமும் போனது. அதற்கடுத்த வருடம் மேட்டூர் திறந்தும் தண்ணீர் கடைமடை வரவில்லை, அந்த நாலு மாவும் கை மாறியது. வாங்கியது தரகர்தான். இப்போது அங்கேயும் கல் நட்டிருக்கிறது. வாய்க்கால் மனைகளின் மழைத்தண்ணீரை வடிக்கிறது. பாய்வதற்கு வயல் இல்லை.

என் கணவர் வேலையை விட்டு வந்துவிட்டார். வருகிறவர்களிடம் தோட்டத்தைக் காட்டி, எல்லாம் இவ வச்சதுதான் என்று அவரே சொல்கிறார். நான் மறுப்பதில்லை, யார் கொடுத்த கம்பு என்று விளக்கவும் உட்காருவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பேசக் கூப்பிட்டார்கள். மூடாக்கைப் பற்றியும் புழுவைப் பற்றியும் பேசினேன். வாய்க்காலைப் பற்றி என்னால் பேச முடியவில்லை.

போன வருடம் பாபநாசம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்ததாகச் சொன்னாள். கல்லூரியில் சேர்க்க வேண்டுமாம். இளைத்திருந்தாள். திருப்பூரில் லைன் வீடு, வரிசையாகப் பத்து வீட்டுக்கு ஒரே குழாய், வாசலில் சிமென்ட் தரை என்றாள். அவள் கணவருக்கு நூல் தூசியால் இருமல். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன். சந்தோஷம் என்றாள், மனதிலிருந்துதான் சொன்னாள்.

எத்தனையோ வருடமாக அவளிடம் கேட்க நினைத்த மன்னிப்பு நாக்கில் நின்றது. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், எனக்காக அதையும் அவள்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றியது. சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டேன். ஆபீஸ் வாசலிலேயே சாப்பிட்டதாகச் சொன்னாள். தஞ்சாவூர் பஸ் வந்தது. படியில் ஏறி, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பும் வரை நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.